பக்கத்து மில் கணக்கு

நூறு கிலோ நூல் நூற்க எத்தனை ஆள்-மணி நேரம் ஆகிறது? எந்த நூற்பாலை முதலாளியும் பக்கத்து மில்காரரிடம் சொல்லாத கணக்கு இது. ஆனால், ஒன்றோடொன்று போட்டி போடும் மில்களே இந்தக் கணக்கை கோவையில் ஓரிடத்தில் ஒப்படைக்கின்றன.

அந்த இடம் 'சிட்ரா'. நூற்பாலைகள் அரசின் துணையோடு 1956-ல் உருவாக்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம். பஞ்சு வாங்கிய விலை, கரன்ட் செலவு, கூலி, நூலின் தரம் என மில்களின் விவரங்களைத் திரட்டி ஒப்பிட்டு, அறிக்கை தருகிறது. மில்லின் பெயர் வெளியே வராது. தன் மில் எங்கே நிற்கிறது என்பது மட்டும் முதலாளிக்குப் புரிந்துவிடும்.

நூலின் விலையில் பாதிக்கு மேல் பஞ்சுக்கே போகிறது. பஞ்சு விலையோ யார் கையிலும் இல்லை. லாபமும் நஷ்டமும் மிச்சம் இருக்கும் செலவில்தான். கழிவாகப் போகும் பஞ்சு எவ்வளவு, வீணாகும் மின்சாரம் எவ்வளவு என்று மில்லுக்கே வந்து ஆராய்ந்து, ஆலோசனை சொல்லவும் சிட்ராவில் ஆட்கள் உண்டு.

பருத்தி ஜவுளி ஏற்றுமதியாளர்களுக்கான 'டெக்ஸ்புரோசில்' அமைப்பு ஏற்றுமதியில் சாதித்தவர்களுக்கு விருது தருகிறது. கேடயம் வரவேற்பறைக்கு அழகு, வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் மதிப்பு. மில்லை ஓட வைப்பது என்னவோ அந்த ஒப்பீட்டு அட்டவணைதான்.

இதில் ஒரு சிக்கல். இத்தனை விவரங்களை எழுதித்தர பெரிய மில்லில் தனி ஆள் இருப்பார். சின்ன மில்லில் முதலாளியேதான் உட்கார வேண்டும், அதுவும் ஷிஃப்ட் முடிந்த பிறகு.