போட் இல்லாத போட் மெயில்

மொக்கை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும், இன்னிக்குக் கொஞ்சம் சூடான பதிவு :-)

பொழுது சாய்ஞ்சப்புறம் தாம்பரம் ஸ்டேஷன்ல நின்னு பாருங்க. எழும்பூர்ல கிளம்பி ராமேஸ்வரம் போற வண்டி ஒண்ணு வந்து நிக்கும். அது பேரு இன்னிக்கும் 'போட் மெயில்'தான். மெயில் இருக்கு சாமி, போட் எங்கே?

தெரியாதவங்களுக்குச் சின்ன பிளாஷ்பேக். 1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் பாலம் திறந்தாங்க. அதுக்கப்புறம் எழும்பூர்ல ஒரே டிக்கெட் வாங்கி, தனுஷ்கோடி வரைக்கும் ரயில், அங்கேருந்து தலைமன்னாருக்குக் கப்பல், அங்கே காத்திருக்கிற ரயில்ல கொழும்பு கோட்டைன்னு போயிட்டு வந்தாங்க நம்ம தாத்தாக்கள். இர்வின், கோஷன்னு ரெண்டு கப்பல் ஓடிச்சு. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல தனுஷ்கோடியே போச்சு, ஒரு பாசஞ்சர் ரயிலும் ஆட்களோட கடலுக்குள்ள போச்சு. அப்பவும் கதை முடியலை. ராமேஸ்வரத்திலிருந்தே கப்பல் விட்டாங்க. நிஜமா நின்னது 1980களில், அந்தப் பக்கம் போர் ஆரம்பிச்சப்போ.

இந்தக் கதையை நாம எல்லாருமே ஒரு தடவையாவது எழுதியாச்சு. இடிஞ்ச ஸ்டேஷன் போட்டோ, இடிஞ்ச சர்ச் போட்டோ, 'அது ஒரு காலம்'னு ஒரு பெருமூச்சு. கீழே இருபது பேர் வந்து 'கண்ணு கலங்கிடுச்சு தல'ன்னு போட்டுட்டுப் போவாங்க. என் கோபமே இந்தப் பெருமூச்சு மேலதான். ஏன்னா இது முடிஞ்சு போன கதை இல்லை.

கணக்கைப் பாருங்க. அந்தப் பக்கம் போர்ல பெயர்ந்து போன தலைமன்னார் ரயில் பாதையை இந்தியா கொடுத்த கடன்ல, நம்ம இர்கான் கம்பெனியே திரும்பப் போட்டு, 2015 மார்ச்ல திறந்தாச்சு. இந்தப் பக்கம், 2022 டிசம்பர்ல பழைய பாம்பன் பாலத்துல ரயில் நின்னுச்சு. 500 கோடிக்கு மேல செலவு பண்ணிப் புதுப் பாலம் கட்டி 2025 ஏப்ரல் 6-ல் திறந்தாங்க. அன்னிக்குக் கொடியசைச்சு விட்ட வண்டி எது தெரியுமா? ராமேஸ்வரம்–தாம்பரம் எக்ஸ்பிரஸ். நம்ம தாம்பரம்! ரெண்டு கரையிலயும் தண்டவாளம் போட்டாச்சு. மிச்சம் இருக்கிறது நடுவுல முப்பது கிலோமீட்டர் சொச்சம் கடல். தாம்பரத்துலேருந்து செங்கல்பட்டு தூரம்.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறுத்துதுன்னா, மன்னார்ல எனக்கு ஒரு நண்பன் இருக்கான். சண்டைக் காலத்துல குடும்பத்தோட இங்கே வந்து, குரோம்பேட்டையில எங்க வீட்டு மாடியில வாடகைக்கு இருந்தாங்க. போர் முடிஞ்சு சில வருஷத்துல ஊர் திரும்பிட்டாங்க. அவன்கிட்ட போன்ல நான் போட்ட திட்டம் இது: சாயங்காலம் தாம்பரத்துல ஏறினா விடிகாலை ராமேஸ்வரம். ஒரு போட் இருந்தா ரெண்டு மூணு மணி நேரத்துல தலைமன்னார். மத்தியானம் அவன் வீட்டுல சாப்பாடு, பழங்கதை. பிற்பகல் போட்ல திரும்பி, ராத்திரி வண்டி பிடிச்சா மறுநாள் காலையில தாம்பரம். ஒரே ஒரு நாள் லீவு போதும்! "திட்டம் நல்லாத்தான் இருக்கு மச்சான், கடலை என்ன செய்யப்போறாய்?"ன்னு கேட்டான் அவன்.

இப்போ வழக்கமான பதில்களுக்கு வர்றேன்.

"பிளைட் இருக்கே?" இருக்கு. மீனம்பாக்கத்துல ஏறி யாழ்ப்பாணத்துல இறங்கலாம். அங்கேருந்து மன்னார் நூறு கிலோமீட்டருக்கு மேல. ஒரு நாள்ல போய்ச் சாப்பிட்டுத் திரும்பற கதையா அது?

"நாகப்பட்டினம் கப்பல் இருக்கே?" நல்ல விஷயம், நான் குறை சொல்லலை. 2023 அக்டோபர் 14-ல் ஆரம்பிச்சு அதே மாசம் நின்னு, 2024 ஆகஸ்ட்ல திரும்ப வந்தது. ஆனா அது போறது காங்கேசன்துறைக்கு. அதுவும் யாழ்ப்பாணப் பக்கம்தான். 2011-ல் தூத்துக்குடி–கொழும்புன்னு பெரிய கப்பல் ஜூன்ல விட்டு, அந்த வருஷத்தையே தாண்டலை. இருக்கிறதுலேயே நீளம் குறைஞ்ச பாதையை விட்டுட்டு மத்ததை எல்லாம் முயற்சி பண்ணுவாங்களாம்.

"பாலமே கட்டிடலாமே?" கட்டுங்க. அது பேச்சாவே எத்தனை வருஷமா ஓடுது? பாலம் வர்ற வரைக்கும் படகுல போகக் கூடாதுன்னு யார் சொன்னா?

"பாதுகாப்பு, கடத்தல்..." இதுக்குத்தான் எனக்குச் சுர்ருனு ஏறும். 2022-ல் அங்கே பொருளாதாரம் கவிழ்ந்தப்போ கைக்குழந்தையோட வந்தவங்களை அரிச்சல்முனைப் பக்கம் மணல் திட்டுல நடுராத்திரி இறக்கி விட்டுட்டுப் போனாங்க படகுக்காரங்க. திருட்டுப் படகு வர முடியற கடல்ல, பாஸ்போர்ட் பார்த்து, பையைச் சோதிச்சு ஏத்தற படகு மட்டும் ஆபத்தா? நேர் வழியை அடைச்சா குறுக்கு வழிக்குத்தான் கூட்டம் போகும்.

"கடல் ஆழமில்லை, பருவமழை" — வாஸ்தவம். பெரிய கப்பல் வேண்டாம், சின்னப் படகு போதும். ஐப்பசி கார்த்திகையில நிறுத்திக்கோங்க. வாரம் மூணு நாள் விட்டாலும் சரி.

சிங்கப்பூர்ல இருக்கற நம்ம பதிவர்களைக் கேளுங்க. உட்லண்ட்ஸ்ல ரயில் ஏறினா அஞ்சு நிமிஷத்துல ஜொகூர் பாரு. வேற நாட்டுக்குப் போய் நண்பனைப் பார்த்துட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துடறாங்க. அங்கேயும் ரெண்டு அரசாங்கம், ரெண்டு குடிநுழைவு கவுன்ட்டர்தான்.

இத்தனைக்கும் கொள்கையளவுல எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சு. 2024 டிசம்பர் 16-ல் டெல்லியில ரெண்டு நாட்டுத் தலைவர்களும் சேர்ந்து விட்ட அறிக்கையிலேயே ராமேஸ்வரம்–தலைமன்னார் படகைச் சீக்கிரம் திரும்ப ஆரம்பிக்க அதிகாரிகள் வேலை பார்க்கணும்னு இருக்கு. 'சீக்கிரம்'னா எந்தத் தேதி? அதை மட்டும் யாரும் கேட்கறதில்லை. நாமதான் தனுஷ்கோடி போட்டோ போட்டு அழுதுட்டு இருக்கோமே.

அதனால பதிவுலக மக்களே, அடுத்த தடவை போட் மெயில் பத்தி எழுதும்போது பெருமூச்சைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டு, அந்தத் தேதியைக் கேட்டு ஒரு வரி எழுதுங்க. உங்க ஊர் எம்.பி.க்கு ஒரு கடுதாசி போடுங்க. நான் போட்டாச்சு.

போன வாரம் நண்பனோட அம்மா போன்ல வந்தாங்க. எண்பது தாண்டியாச்சு. "தம்பி, எப்ப வாறீங்கள்?"னு கேட்டாங்க. "படகு விட்டதும் வரேம்மா"ன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அப்ப நான் இருக்கோணுமே"ன்னாங்க.

டிஸ்கி: பிளைட் டிக்கெட் பார்த்துட்டு இருக்கேன். அவங்களுக்காக. ஆனா கோபம் அப்படியேதான் இருக்கு.