குரல் கேட்காமல் காசு அனுப்ப வேண்டாம்

"மாமா, அவசரம். ஆஸ்பத்திரியில் நிற்கிறேன். இந்தக் கணக்குக்கு 10,000 போடுங்கள். இப்போது பேச முடியாது." கொழும்பில் வேலை செய்யும் பிள்ளையின் படத்தோடு இப்படியொரு செய்தி போனில் வந்தால், நம் லயங்களில் யார்தான் யோசித்துக்கொண்டு நிற்பார்கள்? காதில் கிடப்பதை அடகு வைத்தாவது அனுப்பிவிடுவோம். ஆபத்துக்கு ஓடிவரும் நமது அந்தக் குணத்தைத்தான் மோசடிக்காரன் குறிவைக்கிறான். படிப்பில்லாதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்பது வெறும் பேச்சு. பெரிய உத்தியோகத்தர்களும் ஏமாறுகிறார்கள்.

நாட்சம்பளம் 1,000 ரூபா ஆவதற்கு 2021 வரை போராடினோம். அந்தக் கணக்கில் 10,000 ரூபா என்பது மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்தெடுத்த பத்து நாள் முழுப்பேர். அது போய்ச் சேரும் கணக்கு யாருடையது என்று பார்க்க வேண்டாமா?

பேஸ்புக்கில் நாம் போட்ட படத்தையும் பெயரையும் எடுத்து இன்னொரு கணக்கு திறக்க ஐந்து நிமிடம் போதும். வட்ஸ்அப்பைக் கைப்பற்றுவது வேறு விதம். "தவறுதலாக உங்கள் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வந்துவிட்டது, அனுப்பிவிடுங்கள்" என்று தெரிந்தவர் பெயரிலேயே கேட்பார்கள். அந்த எண்தான் நமது வட்ஸ்அப்பின் சாவி. அதைக் கொடுத்தால், அடுத்த நிமிடம் நமது பெயரில் நமது சொந்தங்களிடமே காசு கேட்பான். அஸ்வெசும கொடுப்பனவு, வங்கி, பரிசு என்று எதைச் சொல்லிக் கேட்டாலும் அப்படி வரும் எண்ணை யாருக்கும் சொல்லக்கூடாது. சங்கத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டாலும்தான்.

காசு கேட்டுச் செய்தி வந்தால், முன்பே தெரிந்த இலக்கத்துக்கு அழைத்து ஆளின் குரலைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் அவரோடு வேலை செய்பவரை, பக்கத்து அறையில் இருப்பவரைக் கேளுங்கள். வட்ஸ்அப் பறிபோயிருந்தால் அதே இலக்கத்தை நமது போனில் மறுபடி பதிவு செய்ய வேண்டும். அப்போது திருடனின் போனில் அது நின்றுவிடும். பேஸ்புக்கில் போலிக் கணக்கைக் கண்டால் அந்தப் பக்கத்திலேயே முறையிடலாம். உரியவர் மட்டுமல்ல, நண்பர்களும் முறையிடலாம்.

இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். ஒரு பெண்பிள்ளையின் படத்தைத் திருடிப் போலிக் கணக்கு திறந்தால், தோட்டத்தில் முதலில் ஏச்சு வாங்குவது அந்தப் பிள்ளைதான். போனைப் பிடுங்குகிறார்கள், வேலைக்குப் போனவளை வீட்டுக்கு வரச் சொல்கிறார்கள். கோழி களவு போனால் கோழிக்காரியையா அடிக்கிறோம்? இந்தப் பயத்தால்தான் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. மிரட்டுகிறவனுக்கு அந்த மௌனம் போதும். மாதர் சங்கத் தலைவிமார் இதை ஒவ்வொரு வீட்டிலும் பேச வேண்டும்.

பேஸ்புக்கில் வரும் வெளிநாட்டு வேலை விளம்பரங்களும் இதே கதைதான். நல்ல சம்பளம் என்று நம்பிப்போன இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் மியாவாடியில் அடைக்கப்பட்டு, மற்றவர்களை ஏமாற்றும் வேலையைச் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். கடவுச்சீட்டைக் கொடுக்குமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை 1989 இல் அழைத்து, முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று கேளுங்கள்.

காசு போய்விட்டால் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். செய்தியை அழிக்காமல், போனோடு பொலிசுக்குப் போங்கள். தோட்டத் தலைவரையும் கூட்டிச் செல்லுங்கள். போலிக் கணக்கு பற்றி அரச நிறுவனமான ஸ்ரீலங்கா சேர்ட்டின் 101 இலக்கத்திலும் முறையிடலாம்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை: இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா, அப்பா, பாட்டியின் போன்களை எடுத்து, வட்ஸ்அப்பில் இரண்டாவது பூட்டாக ஓர் இரகசிய எண்ணைப் போட்டுக் கொடுங்கள். அந்த எண்ணை ஒரு கொப்பியில் எழுதி வீட்டிலேயே பத்திரமாக வையுங்கள்.