இருக்கிற நூலை இல்லையென்று சொல்லும் கலை

கதிரவெளிக்கு நான் போய் நெடுநாளாகிவிட்டது. வாழைச்சேனையிலிருந்து வாகரை வழியாகத் திருகோணமலைக்குப் போகிற பாதையில், வெருகலுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற ஊர். அந்தப் பக்கத்தில் ஒரு காலம் ஆசிரியனாக இருந்தவன் நான். என்னிடம் படித்த ஒருவர் தொலைபேசி எடுத்தார். அவருடைய மகள் பல்கலைக்கழகத்தில் தமிழ் சிறப்புக் கற்கை செய்கிறாளாம். இறுதியாண்டு ஆய்வுக்குக் கிழக்கிலங்கை முஸ்லிம் சிறுகதைகளை எடுத்திருக்கிறாளாம். விடுமுறையில் வந்து நிற்கிறாள், சேரை ஒருக்காக் காண வேண்டும் என்கிறாள் என்றார். கடலுக்கும் களப்புக்கும் இடையிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து, நமது கதைகளைத் தேடி ஒரு தமிழ்ப் பிள்ளை வருகிறது. அவளை ஏன் அலைக்கழிக்க வேண்டும், நானே வருகிறேன் என்று சொல்லி பஸ்ஸேறினேன்.

அவள் ஒரு தாளை நீட்டினாள். பத்து நூல்களின் பெயர்கள். ஏழுக்கு எதிரே சிவப்புப் பேனையால் ‘இல்லை’ என்று எழுதியிருந்தது. அந்த ஏழில் ஒன்று என்னுடைய சிறுகதைத் தொகுதி.

“லைப்ரரியில கேட்டியா மகள்?”

“கேட்டன் சேர். கொம்பியூட்டர்ல இல்ல, அப்ப இல்லத்தான் எண்டு சொல்லிட்டாங்க.”

அந்த நூலை அந்த நூலகத்துக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். முத்திரை குத்திய நன்றிக் கடிதமும் வீட்டில் இருக்கிறது. ஆனால் காரியம் அதற்குள் கைமீறிவிட்டது. மூல நூல்கள் கிடைக்காத தலைப்பில் ஆய்வு செய்ய முடியாது, வேறு தலைப்பைப் பார் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டாராம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தாளைப் பார்த்தால் யாரும் அதைத்தான் சொல்வார்கள்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று நான் எழுதப் போவதில்லை. ஒன்றின் பெயரை எழுதினால் மற்றவையெல்லாம் தப்பிவிடும்.

அந்த நூலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இருக்கிறார். பெரிய பதவியொன்றுமில்லை. அவள் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டே அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். இருபது நிமிடத்தில் என்னுடைய நூலின் அட்டை வட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னும் மூன்று அட்டைகள் வந்தன. ஏழில் நான்கு அங்கேயே இருந்தன. உரிமை என்னுடையது, தாராளமாக அனுப்பு என்று சொன்னதும், ஆய்வுக்கு வேண்டிய இரண்டு கதைகளைப் படமெடுத்து அனுப்பினார். பிள்ளைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். தலைப்புகளை முன்பு யாரோ ஆங்கில எழுத்தில், தம் காதுக்குப் பட்டபடி தட்டி வைத்திருக்கிறார்கள் என்றார். தமிழில் தேடினால் வராது. ஆங்கில எழுத்தில் தேடினாலும், தட்டியவர் ‘த’வுக்கு ஒரு ‘டி’ போட்டாரா, ‘டி’யோடு ‘எச்’ சேர்த்தாரா என்று தெரிந்திருக்க வேண்டும். என்னுடைய பெயரில் வாப்பாவின் இனிஷல் குடும்பப் பெயராகி, என் பெயர் பின்னுக்குப் போயிருக்கிறது. இந்தப் பிழைகளெல்லாம் அந்தத் தம்பிக்குப் பாடம். சரியான பெயரால் தேடுவதை விட்டுவிட்டு, பிழையான பெயர்களால் தேடப் பழகியிருக்கிறார். நூலகத்தின் உண்மையான பட்டியல் அவருடைய தலைக்குள் இருக்கிறது. அவர் மாற்றலாகிப் போனால் அதுவும் போய்விடும்.

நூலகர்களின் டிஜிட்டல் திறன் என்று பேச்செடுத்தால் நம்மவர்கள் உடனே கொம்பியூட்டர்களின் எண்ணிக்கையைச் சொல்கிறார்கள். குளிரூட்டிய மண்டபம், வைஃபை, திறப்பு விழாப் படம். கணினிக்கும் மென்பொருளுக்கும் பஞ்சமில்லை என்பது எனக்கும் தெரியும். நியூசிலாந்தில் 1999இல் உருவாக்கப்பட்ட கோஹா என்ற நூலக மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. நமது பல்கலைக்கழக நூலகங்கள் பலவற்றில் அதுதான் ஓடுகிறது. அது தமிழை ஏற்கும். நூலொன்றுக்கு ஒரு தலைப்பு எழுதினால், அதே நூலுக்கு மக்கள் வழங்கும் வேறு தலைப்புகளை எழுதவும் இடம் உண்டு. நூலகங்கள் பதிவெழுதும் ‘மார்க்’ முறையில் 246 என்ற கட்டம் அதற்கென்றே இருக்கிறது. 880 என்ற கட்டம் அதே விபரத்தை வேறு எழுத்தில் தருவதற்கு. கட்டங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன.

தமிழில் தட்டிய இடங்களிலும் இன்னொரு கூத்து. பாமினி எழுத்துருவில் தட்டியிருக்கிறார்கள். இலங்கையில் கொம்பியூட்டரில் தமிழ் அடித்த எவருக்கும் பாமினியைத் தெரியும். திரையில் ‘அம்மா’ என்று அழகாகத் தெரியும். கணினிக்குள் கிடப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குப்பை. எழுத்துருவை எடுத்துவிட்டால் அம்மாவும் இல்லை, ஆத்தாவும் இல்லை. யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. முப்பது வருடங்களுக்கு மேலாயிற்று. பழைய பாமினிப் பதிவுகளை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் சும்மா கிடைக்கின்றன. இதைத்தான் நான் டிஜிட்டல் திறன் என்கிறேன். சான்றிதழ் வகுப்பில் எக்செல் பழகியதை அல்ல.

இதனால் அடிபடுவதில் முதல் வரிசை நாம்தான் என்பதை இவ்விதழின் வாசகர்கள் கவனிக்க வேண்டும். சித்திலெப்பையின் அசன்பே சரித்திரம் 1885இல் வந்தது. இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். சித்திலெப்பை என்பதா, சித்தி லெப்பை என்று பிரிப்பதா, சித்திலெவ்வை என்பதா, முகம்மது காசிமில் தொடங்குவதா? அசன்பேயா, ஹசன்பேயா? இத்தனை வடிவங்களும் அச்சில் உண்டு. ஒன்றைப் பிடித்து மற்றவற்றை அதோடு முடிச்சுப் போட்டு வைப்பதுதான் பட்டியலாளரின் தொழில். எஸ்.எல்.எம். ஹனீபாவின் மக்கத்துச் சால்வையை நடுவிலுள்ள ‘ச்’ இல்லாமல் தேடுகிற பிள்ளைக்கும் அது கிடைக்க வேண்டும். நமது பெயர்கள் அரபிலிருந்து வந்து, தமிழ் வாயில் புரண்டு, பிறப்புப் பதிவுக்காரரின் ஆங்கிலத்தில் இன்னொரு தடவை புரண்டவை. முத்துலிங்கத்துக்கு ஒரு வடிவம் போதும். முஹம்மதுக்கு எட்டு வேண்டும்.

அரபுத்தமிழின் கதி இதைவிடப் பரிதாபம். மொழி தமிழ், எழுத்து அரபு. நான் பார்த்த ஒரு நூலகத்தில், எழுத்தைப் பார்த்து அரபு அலுமாரியில் வைத்திருந்தார்கள். அரபு படிக்கும் மாணவர் எடுத்துப் பார்த்து, விளங்காமல் திரும்ப வைப்பார். தமிழ் படிக்கும் மாணவர் அந்தப் பக்கமே போகமாட்டார். வேறோர் இடத்தில் சீறாப்புராணம் 297இல், இஸ்லாம் சமயம் என்ற பிரிவில் இருந்தது. 894.811, தமிழ் இலக்கியம். உமறுப்புலவர் அங்கே நிற்க வேண்டியவர். கம்பனைச் சமயப் பிரிவில் யாராவது வைப்பார்களா?

சேவைத்தரத்தை அளப்பதற்கு வினாக்கொத்துகள் இருக்கின்றன. 1988இல் பரசுராமன், ஸைத்தமில், பெரி என்ற மூவர் வெளியிட்ட ‘சேர்வ்குவால்’தான் பலவற்றுக்குத் தாய். 22 கூற்றுகள். நீ எதிர்பார்த்தது எவ்வளவு, உனக்குக் கிடைத்தது எவ்வளவு என்று கேட்டு, இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட வேண்டும். அமெரிக்காவில் அதை நூலகங்களுக்கென்று மாற்றி ‘லிப்குவால்’ என்று பெயரிட்டார்கள். நமது நாட்டிலும் இந்த வழியில் ஆய்வுகள் வருகின்றன. வாசகர்கள் பொதுவாகத் திருப்தியுடன் உள்ளனர் என்ற வாக்கியத்தை நான் பல தடவை படித்துவிட்டேன்.

கதிரவெளிப் பிள்ளையிடம் அந்தத் தாளைக் கொடுத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் புகுந்த கரை அது. 2006 நவம்பர் 8ஆம் திகதி, அங்குள்ள பாடசாலையில் தஞ்சமடைந்திருந்த சனங்கள் மேல் எறிகணைகள் விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவளுக்கு அப்போது நாலு வயது. பள்ளிக்கூடம் என்றால் கூரை இருந்தால் போதும் என்று எண்ணி வளர்ந்த தலைமுறை. கவுண்டரில் ஒருவர் முகம் சுளிக்காமல் ‘இல்லை’ என்று சொன்னதே அவளுக்கு நல்ல சேவைதான். எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்ததும் ஒன்று, இடைவெளி பூச்சியம். நூலகத்துக்கு நல்ல புள்ளி! நூல் அலுமாரியில் இருந்தது என்பது அவளுக்குத் தெரியாது. அதனால் எந்த வினாக்கொத்திலும் அது விழாது.

பல்கலைக்கழகம் சந்தா கட்டும் மின்னிதழ்களை வீட்டிலிருந்தும் திறக்க வழி உண்டா என்று அவளைக் கேட்டேன். அப்படியொன்று இருக்கிறதா சேர் என்று திருப்பிக் கேட்டாள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பல்கலைக்கழகங்களை மூடியபோது, கதவுக்கு வெளியே நிற்கிறவனுக்கு நூலகம் என்ன செய்யும் என்ற கேள்வி எல்லோர் முகத்திலும் அறைந்தது. விரிவுரைகள் சூமுக்குப் போயின. நூலகம் எங்கே போனது?

நூலகர்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாததல்ல. வெற்றிடங்கள் நிரப்பப்படுவதில்லை. 2022இல் டொலர் இல்லாமல் நாடே வரிசையில் நின்றது. மார்ச் முடிவில் ஒரு நாளில் பதின்மூன்று மணிநேரம் மின்சாரமில்லை. அந்த நேரத்தில் யாரை என்ன கேட்பது? 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டம் நூலகரைப் பல்கலைக்கழகத்தின் அலுவலர்களில் ஒருவராகக் கணக்கில் எடுக்கிறது. ஆனால் சில விரிவுரையாளர்கள் அவரை இரவல் கொடுக்கும் லிகிதராகத்தான் நடத்துகிறார்கள். எத்தனை விரிவுரையாளர்கள் தங்கள் பாடத்துக்குரிய தமிழ் நூல்களின் பதிவு சரியா என்று ஒருநாள் பட்டியலைத் திறந்து பார்த்திருப்பார்கள்?

ஆனாலும் ஒன்று. யூனிகோடில் தட்டுவதற்கு டொலர் தேவையில்லை. ‘கணினியில் இல்லை’ என்று சொல்வதற்குமுன் எழும்பி அலுமாரிவரை நடப்பதற்கு அமைச்சரவை அனுமதி தேவையில்லை. சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். அவற்றில் நான்காவது, வாசகருடைய நேரத்தைச் சேமித்துக் கொடுப்பது பற்றியது. அவரிடம் கொம்பியூட்டர் இருக்கவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தைப் பாருங்கள். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஒவ்வொன்றாக ஸ்கேன் பண்ணி, தமிழிலேயே பதிவெழுதி, இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்க வைத்தார்கள். தொடங்கியவர்கள் தன்னார்வலர்கள். கதிரவெளியில் சிக்னல் கிடைக்கிற மரத்தடியில் நின்று ஒரு பிள்ளை அதைத் திறக்கலாம். அவளுடைய பட்டியலில் மீதி மூன்றில் இரண்டு எங்களுக்கு அங்கேதான் கிடைத்தன. சம்பளமும் பதவியும் கட்டடமும் உள்ள இடத்தில் ஏன் இது நடக்கவில்லை?

1981 ஜூன் முதலாம் திகதி விடியுமுன் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. வருடந்தோறும் நினைவுகூருகிறோம். அதோடு இதை ஒப்பிட எனக்கு விருப்பமில்லை. ஒப்பிடவும் கூடாது. ஆனால் எரியாத நூலும் வாசகரிடம் வந்து சேர வேண்டுமல்லவா?

நாமும் சும்மா இல்லை. முதல் நூலில் முகம்மது, இரண்டாவதில் முஹம்மத், மூன்றாவதில் ஊர்ப்பெயரோடு ஒரு புனைபெயர். வெளியீட்டு விழாவில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி, பொன்னாடை எல்லாம் ஒழுங்காக நடக்கும். நூலைத் திறந்தால் பதிப்பித்த ஆண்டு இருக்காது. 978க்குப் பின்னால் 955 என்றோ 624 என்றோ தொடங்கும் சர்வதேசத் தர நூலெண்ணைத் தேசிய நூலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். அதற்கு நேரமில்லை. பின்னட்டையில் புரவலரின் படம் போட நேரமிருக்கிறது. என்னுடைய அந்தத் தொகுதியிலும் ஆண்டு இல்லை, எண் இல்லை. பட்டியலிட்ட அந்தக் கையின் குழப்பத்தில் பாதி நான் கொடுத்தது. இதை எழுதும்போது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஊருக்குத் திரும்பியதும் நூலகருக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் பெயர் அச்சில் வந்த நான்கு வடிவங்களையும், நூலின் தலைப்பை யூனிகோடிலும், அச்சிட்ட ஆண்டையும் குறித்து, அந்த நன்றிக் கடிதத்தின் பிரதியையும் இணைத்து அனுப்பினேன். மற்ற மூன்று நூல்களின் விபரமும் அதில் இருந்தது. பதிவுத் தபால் சிட்டை என்னிடம் இருக்கிறது. இரண்டு மாதமாகிறது, பதில் இல்லை. நேற்றும் அந்தத் தம்பியிடம் கேட்டேன். பதிவு பழையபடிதான் இருக்கிறதாம். அதைத் திருத்த அவருக்கு அனுமதி இல்லையாம்.

பிள்ளை அடுத்த மாதம் ஆய்வை ஒப்படைக்கிறாள். தலைப்பை மாற்றும் படிவம், நான் கதிரவெளிக்குப் போவதற்கு முந்திய கிழமையே கையெழுத்தாகிவிட்டது.