அரை வெற்றியை அற்பமென்போருக்கு

500 ரூபாய் தினக்கூலி கேட்ட மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் 301 ரூபாயுடன் திரும்பினர்; இதில் கொண்டாட என்ன இருக்கிறது? இவ்வாறு கேட்போர் இடதுசாரி அணிகளிலும் உள்ளனர். புரட்சிகரமாக ஒலிக்கும் இக்கேள்வி, உண்மையில் மக்கள்மீது நம்பிக்கை இழந்தோரின் கேள்வியே.

2015 செப்டம்பரில் நடந்தது என்ன? போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் ஒன்பது நாட்கள் மூணாறு சாலையை மறித்தனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசும் தலித் பெண்கள். செப்டம்பர் 13 அன்று 8.33 சதவீதம் போனசும் 11.67 சதவீதம் கருணைத்தொகையுமாக மொத்தம் 20 சதவீதம் பெற்றனர். அக்டோபரில் கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆயிற்று. அந்த 69 ரூபாயை அற்பமென்பவர் கொழுந்துச் சுமை அறியாதவர்.

அப்பெண்கள் செங்கொடிச் சங்கங்கள் உள்ளிட்ட அனைத்துச் சங்கத் தலைவர்களையும் களத்துக்கு வெளியே நிறுத்தினர் என்பதை மறைக்கலாகாது. தலைவர்கள் மூடிய அறையில் கையொப்பமிட்டுவிட்டு வெளியே வந்து அறிவிக்கும் வெற்றி வேறு. தொழிலாளர் தாமே ஈட்டும் வெற்றி வேறு. முன்னதற்கு எவ்வளவு மாலை சூட்டினாலும் அமைப்பு வளராது. பின்னது சிறிதாயினும் அடுத்த போருக்கு ஆள் சேர்க்கும்.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. அது வென்றதும் கொடியைச் சுருட்டிக்கொள்வது. பாலக்காட்டின் பிளாச்சிமடையில் 2002 ஏப்ரல் 22 அன்று ஆதிவாசி மக்கள் தொடங்கிய போராட்டம், 2004இல் கோகோ கோலா ஆலையின் இயக்கத்தை நிறுத்தியது. பன்னாட்டு மூலதனத்தைப் பணியவைத்த அச்சாதனை கொண்டாடத்தக்கதே. ஆயினும் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்காகக் கேரளச் சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிட்டவில்லை. ஆலை நின்றது, கணக்குத் தீரவில்லை.

மூணாற்றிலும் கூலி உயர்ந்தது, லயம் மாறவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 உயிர்கள் பறிபோயின. பெறாதவற்றின் பட்டியல் எத்தனை கொடியது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆகவே வெற்றிக் கூட்டத்தைக் கைவிடுவது தீர்வாகாது. அதே மேடையில் பெற்றவை எவை, பெறாதவை எவை என்ற இரு பட்டியல்களும் வாசிக்கப்பட வேண்டும். வாசிப்பவர் போராடிய தொழிலாளியாக இருக்க வேண்டும். முதற்பட்டியல் இன்றி எவரும் அடுத்த போராட்டத்துக்கு வரமாட்டார்கள். இரண்டாம் பட்டியல் இன்றி அடுத்த போராட்டமே இராது.