சதி ஒளிந்திருக்கவில்லை, கோப்பில் இருக்கிறது



2015 வெள்ளத்தைப் பற்றிப் பேசினால் நம் இளைஞர்கள் பலர் சொல்வது இது: அடையாற்றங்கரைக் குடிசைகளைக் காலி செய்யத்தான் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள்.

இந்தச் சந்தேகத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அரசை நம்பாமல் இருக்க நம் மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் காரணம் இருக்கிறது. ஆனால் சந்தேகப்படுவது மட்டுமே சிந்தனை ஆகிவிடாது. அது சான்றைத் தேடிப் போக வேண்டும்.

சான்று என்ன சொல்கிறது? 2015 டிசம்பர் 1 அன்று ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. சிஏஜி எனப்படும் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. இது மனிதர்களால் உண்டான பேரிடர் என்று அந்த அறிக்கையே சொன்னது. தவறான முடிவுகளையும் நிர்வாகக் கோளாறுகளையும் அது பட்டியலிடுகிறது. குடிசைகளை அகற்றப் போட்ட ரகசியத் திட்டம் எதுவும் அதில் இல்லை.

அப்படியானால் அரசு குற்றமற்றதா? இல்லவே இல்லை. பிறகு நடந்ததைப் பாருங்கள். ஆற்றங்கரைக் குடும்பங்களை ஆயிரக்கணக்கில் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். உங்கள் பாதுகாப்புக்காக என்றார்கள். பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி!

நீர்நிலையை ஆக்கிரமித்தது யார்? மயிலாப்பூரின் பெரிய ஏரியைத் தூர்த்து 1920களில் உருவானது தி.நகர். பக்கிங்காம் கால்வாயில் தூண்களை ஊன்றி மயிலாப்பூர் வழியாகப் பறக்கும் ரயில் ஓடுகிறது. விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேலேயே போகிறது. இவற்றுக்கெல்லாம் பெயர் வளர்ச்சி. அதே பக்கிங்காம் கால்வாய்க் கரையில், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வாழ்ந்தவர்களுக்கு மட்டும் ஆக்கிரமிப்பாளர் என்று பெயர். 2022 மே மாதம் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அவர்களுடைய வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து உயிரைவிட்டார். மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதியிலேயே மாற்று வீடு தரப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தது அதற்குப் பிறகுதான்.

இதில் எது ரகசியம்? வரைபடம், அரசாணை, நீதிமன்ற உத்தரவு எல்லாமே பகிரங்கமானவை. சதிக் கதை நம்மைப் பூட்டிய அறைக்குள் நாலு பேரைத் தேட வைக்கிறது. பட்டப்பகலில் கையெழுத்தாகும் கோப்பை நாம் படிக்காமல் விட்டுவிடுகிறோம். நாம் சொன்னதில் ஒன்று பொய் என்று தெரிந்தாலும் போதும், நாம் சொல்லும் உண்மைகளையும் வதந்தி என்று தள்ளிவிடுவார்கள். நஷ்டம் நமக்குத்தான்.

எனவே எதைப் படித்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். யார் சொன்னது? என்ன ஆவணம் இருக்கிறது? என்ன தெரியவந்தால் நான் இதை நம்புவதை விடுவேன்? மூன்றாவதற்கு உங்களிடம் பதில் இல்லையென்றால், நீங்கள் இன்னும் சிந்திக்கத் தொடங்கவில்லை. நான் எழுதியதையும் இப்படியே சோதியுங்கள். உங்கள் பகுதியில் யார் வீட்டை எந்த உத்தரவின்படி இடிக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க 10 ரூபாய்தான் கட்டணம்.

1907இல் இதே சென்னையின் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார் அயோத்திதாசப் பண்டிதர். நம்மைப் பற்றி மற்றவர்கள் கட்டிய கதைகளை அவர் அப்படியே ஏற்கவில்லை. பழைய நூல்களைப் புரட்டி, சான்று காட்டி வாதாடினார். எதிரியின் கதைக்குச் சான்று கேட்ட மரபு நம்முடையது. நமக்குப் பிடித்த கதைக்கும் அதைக் கேட்போம்.

ஜெய் பீம்.