பூட்டும் சந்தும்

2004 அக்டோபரில், அதிபர் தேர்தலோடு சேர்த்து உருகுவே மக்கள் இன்னொரு வாக்கும் அளித்தார்கள். குடிநீர், கழிவுநீர்ச் சேவைகளை அரசு அமைப்புகளே நேரடியாக நடத்த வேண்டும் என்ற விதி, 60 விழுக்காட்டுக்கும் மேலான ஆதரவுடன் அரசியலமைப்பின் 47ஆவது பிரிவில் ஏறியது. மால்டொனாடோ பகுதியில் ஸ்பானிய நிறுவனங்கள் குடிநீர் விநியோகம் செய்த லட்சணம் அவர்களுக்குப் பாடமாக இருந்தது. சாதாரணச் சட்டம் என்றால் அடுத்த ஆட்சி கைதூக்கியே மாற்றிவிடும். அரசியலமைப்பைத் தொட வேண்டுமானால் மறுபடி மக்களிடம்தான் வர வேண்டும்.

ஆனாலும் சந்து இருக்கிறது. 2023 வறட்சியில் தலைநகர் மான்டிவிடியோவின் குழாய்களில் தண்ணீர் உப்புக் கரித்தது. சோடியம், குளோரைடு வரம்புகளை அரசே தளர்த்தியது. ஏற்கெனவே பேச்சில் இருந்த அராசாத்தி குடிநீர் ஆலைத் திட்டத்துக்கு அது வலுவூட்டியது. தனியார் பணம் போட்டு ஆலை கட்டுவதாக இருந்தது. அரசுக் குடிநீர் நிறுவனமான ஓஎஸ்இ அதை இயக்கிக்கொண்டே ஆண்டுக்கணக்கில் தவணை கட்டுவதாக இருந்தது. இது தனியார்மயமே இல்லை என்றது அன்றைய அரசு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது!

எங்கள் கருத்தில், இத்தகைய நீண்டகால ஒப்பந்தங்களும் கையெழுத்துக்கு முன்பே முழுமையாகப் பொதுவில் வைக்கப்பட வேண்டும். ஓஎஸ்இ வழங்கும் நீரில் ஏறக்குறைய பாதி கணக்கில் வராமலே போகிறது. அந்த ஒழுகலை அடைக்கவும் சட்டம் காலக்கெடு விதிக்கட்டும்.