கோச்சி வந்தது, கூட்ஸ் வரவில்லை

காங்கேசன்துறைத் துறைமுகத்தைத் திருத்த இந்தியா சுமார் 6 கோடியே 15 இலட்சம் டொலர் தருவதாக 2024 இல் அறிவிக்கப்பட்டபோது எல்லோரும் கப்பலைப் பற்றியே பேசினார்கள். இறங்கும் சாமான் துறைமுகத்திலிருந்து எதில் ஏறிப் போகும் என்று கேட்டவர்கள் குறைவு. புகையிரத நிலையம் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் எல்லோர் மனதிலும் ஏ-9 வீதியும் லொறியும்தான்.

இந்தப் பாதையை நாம் ஆட்களை ஏற்றும் பாதையாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். 1905 இல் கொழும்போடு இணைந்த காலத்திலிருந்து அது சாமானும் சுமந்தது. புகையிலையும் வெங்காயமும் தெற்கே போயின. 1950 இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கிய பிறகு சீமெந்தும் கூட்ஸில் ஏறியது. யாழ் தேவி ஓடத் தொடங்கியதே 1956 இல்தான்.

சரக்குப் பெட்டிக்கும் ஆயுள் உண்டு. சில்லுத் தேய்ந்தால் மாற்றலாம், பலகை உளுத்தால் புதிதாக அடிக்கலாம். அடிச்சட்டம் வெடித்தால்தான் கதை முடியும். சீமெந்து ஏற்றிய பெட்டியில் மூலைகளில் படிந்த தூள் ஈரம் பட்டு இறுகும். இறுகியதற்குக் கீழே தண்ணீர் நின்று தகடு துருப்பிடிக்கும். எங்கள் கடற்காற்றில் இது இன்னும் வேகம். அமெரிக்காவில் 1974 ஜூலைக்குப் பிறகு கட்டப்பட்ட சரக்குப் பெட்டிகள் ஒரு கம்பனியின் பாதையிலிருந்து இன்னொன்றின் பாதைக்குப் போய்வர 50 வருட வரம்பு இருக்கிறது. முறையாகப் புதுப்பித்தால் 65 வரை நீட்டலாம்.

வடபகுதியில் அந்தக் கணக்குக்கே இடம் இருக்கவில்லை. 1990 ஜூனில் கோச்சி நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் இயக்கத்தின் பங்கர்களுக்கும் போயின, இராணுவத்தின் காவலரண்களுக்கும் போயின. இரண்டு பக்கமும் கழற்றியதுதான் உண்மை. 2009 க்குப் பிறகு பழைய இரும்பு வியாபாரிகள் வந்தார்கள், எஞ்சியது கிலோக் கணக்கில் போனது. என் வயதுக்காரர் பலர் கோச்சியை முதன்முதலில் கண்டது வவுனியாவிலோ கொழும்பிலோதான்.

2014 ஒக்டோபர் 13 அன்று மகிந்த ராஜபக்ச யாழ் தேவியில் வந்திறங்கினார். அது வெற்றியின் படமாகக் காட்டப்பட்டது. 2015 ஜனவரியில் பாதை காங்கேசன்துறை வரை திறந்தது. கூட்ஸின் கதையைச் சொல்ல அந்தப் படத்தில் இடமில்லை.

அதே 2014 டிசம்பரில் கடுகண்ணாவையில் புகையிரத அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. எந்த நாட்டிலும் இப்படியான இடங்களில் எஞ்சினுக்குத்தான் மரியாதை. சரக்குப் பெட்டியோடு யார் படம் எடுப்பார்கள்? ஆனால் வாஷிங்டனில் 1993 இல் திறக்கப்பட்ட யூத இனப்படுகொலை அருங்காட்சியகத்தில் ஒரு பழைய சரக்குப் பெட்டி நிற்கிறது. மக்களைக் கொலைமுகாம்களுக்கு ஏற்றிச்சென்ற வகைப் பெட்டி அது. பார்க்க வருபவர்கள் அதற்குள்ளால் நடந்து போகலாம். எங்கள் கதை வேறு, அதை இதோடு சமப்படுத்தவில்லை. ஆனால் ஒரு வெற்றுப் பெட்டியால் எவ்வளவு சொல்ல முடியும் என்பதற்கு அது போதும்.

இங்கே சட்டத்தை நம்பி இருக்க முடியாது. தொல்பொருட் சட்டம் பொதுவாக 1815 மார்ச் 2 க்கு முந்தியவற்றையே தொல்பொருள் என்கிறது. இலங்கையின் முதல் ரயில் ஓடியதே 1864 இல். ஆக, எங்கள் புகையிரத இரும்பு எதுவும் அந்த வரையறைக்குள் வராது. சீமெந்துத் தொழிற்சாலைக் காணியில் கைத்தொழில் வலயம் அமைக்கும் பேச்சு நடக்கும் இந்த நேரத்தில், அங்கே மிஞ்சியிருக்கும் இரும்பைத் துப்புரவாக்கும் வேலை கேள்விமனு கோரி ஒரு ஒப்பந்தகாரரிடம் போனால், தடுக்க ஒரு வரிகூட இல்லை.

வலிகாமம் வடக்கில் காணிக்காக இன்னும் காத்திருப்பவர்களிடம் போய்த் துருப்பிடித்த பெட்டியைப் பற்றிப் பேசுவதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் சனங்களின் காணியில் ஒரு அடிகூட இதற்கு எடுக்கக்கூடாது என்கிறேன். புகையிரதத் திணைக்களத்துக்கு நிலைய வளவு இருக்கிறது. தெற்கில் ஓடி ஆயுள் முடிந்த ஒரு சீமெந்துப் பெட்டியை ஏலத்தில் வெட்டிவிற்காமல் இங்கே கொண்டுவந்து நிறுத்தலாம். பளபளவென்று பெயின்ற் அடிக்க வேண்டாம், மேலே ஒரு கூரை போட்டால் போதும். பக்கத்தில் மூன்று மொழியிலும் ஒரு பலகை. அதில் என்ன எழுதுவது என்பதை கொழும்பில் இருந்துகொண்டு தீர்மானிக்கக்கூடாது, தொழிற்சாலையிலும் பாதையிலும் வேலை செய்தவர்களைக் கேட்க வேண்டும். அவர்கள் இப்போதே எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.

துறைமுகத் திட்ட வரைபடத்தில் கூட்ஸ் நிற்க ஒரு பக்கப்பாதை இருக்கிறதா என்பதையும் மாகாண சபைத் தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவர்களிடம் கேட்கலாம்.